கைக்கு மட்டும் கட்-அவுட்டா?

வா பேராண்டி, உக்காரு. மெட்ராஸ்ல உதவி டைரக்டரா சேந்ததுல தாடி நல்லா வளந்திருக்குது. படந்தான் இன்னும் வளரலயாட்டம் இருக்குது. பரவால்ல, உங்க ஆயா மல்லாட்ட அவிச்சி வெச்சிருக்குறா, தின்னுகினே சொல்லு. இன்னா படம் எடுக்கப் போற? இரும்புக்கை மாயாவியா? அடி சக்க!

கீழ்பென்னாத்தூர்ல அவன என்னைவிட நல்லாத் தெரிஞ்சவன் வேற யார்றா இருக்கறான்? 1972ல சிவகாசியில முத்து காமிக்ஸ் தொடங்குனப்ப மொத புத்தகமே அவன் கதைதான். அரை டிராயர் போட்ட காலத்துல கணக்குப் புத்தகத்துக்குள்ள வெச்சிப் படிச்சவன் நான். கணக்கு வரல, மாயாவி வந்தான். சீமையில ‘வேலியண்ட்’னு ஒரு வாரப் பத்திரிகையில 1962ல பொறந்தவன். அங்க அவன் பேரு லூயி கிராண்டல். ஆராய்ச்சிக்கூடத்துல ஒரு புரொபசருக்கு எடுபிடி. வலது கை போயி இரும்புக்கை மாட்டுனவன். கரண்டு ஷாக் அடிச்சா உடம்பு மொத்தமும் மறைஞ்சிடும், அந்தக் கை மட்டும் அந்தரத்துல நிக்கும். எஸுஸ் பிளாஸ்கோன்னு ஸ்பெயின் தேசத்து ஆளு வரைஞ்சாரு பாரு, அந்த விரலு ஒவ்வொண்ணும் மூஞ்சி மாதிரி பேசும்.

இன்னொண்ணு உனக்குத் தெரியுமோ இன்னாவோ, மொத கதையில அவன் யோக்கியனே இல்ல. கண்ணுக்குத் தெரியலன்னதும் பேங்குல கைய வெச்சிட்டான். அப்புறந்தான் திருந்தி நிழற்படையில சேந்து ஊரக் காப்பாத்துனான். நம்மூர்ல பொறந்திருந்தா அந்தப் பயலுக்குத் திருடவும் நேரம் இருந்திருக்காது, திருந்தவும் நேரம் இருந்திருக்காது. மோட்டார் கொட்டாய்க்கு மும்முனை கரண்டு எப்ப வருதுன்னு பாத்துல்ல மாயமாவணும்?

லோகேஷ் கனகராஜ் இத எடுக்கப் போறாருன்னு பல வருசமாப் பேச்சு, சூர்யா பேரும் அடிபட்டுது. ஏன் தள்ளித் தள்ளிப் போவுதுன்னு அவங்களுக்குத்தான் வெளிச்சம். நான் தயாரிப்பாளரா இருந்தா ஒரே ஒரு கேள்வி கேப்பன்: ஏம்பா, கோடி கோடியா சம்பளம் வாங்குற கதாநாயகன் பாதிப் படத்துல கண்ணுக்கே தெரிய மாட்டான்னா, நான் எதுக்குப் பணம் குடுக்கறன்? கட்-அவுட்டு வெக்கிற பசங்க கைக்கு மட்டுமா வெப்பானுங்க? பாலாபிசேகம் முழங்கைக்கு மேலயா, கீழயா? அதனால தாத்தா சொல்றத எழுதிக்கோ. மாயாவி எப்ப மறைஞ்சாலும் ஜனங்க கண்ணுக்கு மட்டும் தெரியற மாதிரி எடுத்துடு. வில்லனுக்குத் தெரியாது, டிக்கெட்டு வாங்குனவனுக்குத் தெரியும். கதை நாசமாப் போவும், சம்பளம் நியாயமாப் பூடும்.

சிரிக்கிறியே, இதத்தான்டா பெரிய பெரிய ஆளுங்க செஞ்சாங்க. ஜட்ஜ் டிரெட்டுன்னு ஒருத்தன் 1977லேர்ந்து இங்கிலாந்துப் பத்திரிகையில வரான். தலக்கவசத்தக் கழட்டவே மாட்டான். அவன் ஆளு இல்லடா, சட்டம். சட்டத்துக்கு ஏது மூஞ்சி? 1995ல சில்வஸ்டர் ஸ்டாலோன வெச்சி எடுத்தாங்க. அவ்ளோ காசு குடுத்து வாங்குன மூஞ்சிய மூடி வெக்க மனசு வருமா? கவசத்தக் கழட்டிட்டுப் படத்துல முக்காவாசி நேரம் திரிஞ்சாரு. படம் படுத்துது. 2012ல கார்ல் அர்பன் அதே வேஷம் கட்டுனாரு. கவசத்துக்குக் கீழ வாயும் தாவாக்கட்டையும்தான் தெரியும், அந்த வாய வெச்சிக்கினே முழுப் படத்தையும் நடிச்சி முடிச்சாரு. வசூல் பெருசா இல்லதான். ஆனா காமிக்ஸ் படிச்சவன் எவனும் வாயத் தொறக்கல.

நம்ம வேதாளரும் அப்பிடித்தான். ராணி காமிக்ஸ்ல முகமூடி மாயாவின்னு வருவாரே, அவரேதான். லீ ஃபாக் 1936ல உண்டாக்குனாரு. அவரு மூஞ்சிய முழுசாப் பாத்தவனுக்குக் கோரச் சாவுன்னு காட்டுல பேச்சு. ஊருக்குள்ள வந்தாக்கூட ஓவர்கோட்டு, தொப்பி, கருப்புக் கண்ணாடி. முகமூடிக்குள்ள கண்ணு இருக்கற எடத்துல வெறும் வெள்ளை. 1996ல பில்லி ஜேன வெச்சி எடுத்த படத்துல கண்ணும் தெரியுது, நியூயார்க்குல கோட்டு சூட்டோட மூஞ்சியக் காட்டிக்கினு உலாத்துறாரு. பாத்தவன் ஒருத்தனும் சாவல.

ரெண்டாவது யோசன ஒண்ணு இருக்குது, அதையும் எழுதிக்கோ: காதல் வெய்யி. மாடஸ்டி தெரியுமில்ல? 1984ல லயன் காமிக்ஸ் மொத புத்தகமே ‘கத்தி முனையில் மாடஸ்டி’தான். அவளும் அவ கூட்டாளி கார்வினும் ஒருத்தருக்காக ஒருத்தர் உசுரக் குடுப்பாங்க. அவன் அவள இளவரசின்னுதான் கூப்புடுவான். ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல காதல் கீதல் ஒண்ணும் கெடயாது. பீட்டர் ஓ'டானல் 1963லேர்ந்து எழுதுன அந்தக் கதையோட ருசியே அதுதான். ஒரு ஆம்பளையும் பொம்பளையும் அப்பிடி இருக்க முடியுமான்னு நம்ம திண்ணையில உக்காந்து எத்தன நாளு வாய்ச்சண்ட போட்டிருக்கறம் தெரியுமா? 1966ல ஜோசப் லோசின்னு பெரிய டைரக்டரு மோனிகா விட்டிய வெச்சிப் படமா எடுத்தாரு. மாடஸ்டிக்குக் கருப்பு முடி, இந்தம்மா பெரும்பாலும் பொன்முடியோடதான் வருது. அது கெடக்கட்டும். ரெண்டு பேருக்கும் காதல் வந்து, கல்யாணப் பேச்சு வந்து, டூயட்டே பாட வெச்சிட்டாங்கடா! லண்டன்காரன் டூயட்டு வெச்சா அது கலை, நம்மாளு வெச்சா அது மசாலா. ஓ'டானல் எழுதிக் குடுத்த திரைக்கதைய ஆளாளுக்குத் திருத்தி வேற ஆக்கிட்டாங்க. மனுசன் கெட்டிக்காரன். தான் எழுதுனத நாவலாக்கி, படம் வர்றதுக்கு முந்தியே 1965ல புத்தகமாப் போட்டுட்டாரு. அது நல்லா வித்து, மேல மேல நாவலாவே எழுதிக்கினு போனாரு.

மூணாவது, உனக்கு ஞானோதயம் வந்திருந்தா அத ஹீரோ தலையில கட்டு. நம்ம கேப்டன் டைகரு, மூக்கு ஒடஞ்சவன், சவரம் பண்ணாதவன், சீட்டாட்டத்துல ஏமாத்துறவன், ஆனா நம்பி வந்தவனக் கைவிடாதவன். ‘மின்னும் மரணம்’ படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வராம கெடந்தவனுங்க நாங்க. 2004ல பிரான்சுல அவனப் படமா எடுத்தாங்க, வின்சென்ட் கசல் நடிச்சாரு. டைரக்டர் யான் கூனன் பெரு நாட்டுக் காட்டுக்குப் போயி, அங்க இருக்கற பூசாரிங்ககிட்ட பச்சிலைச் சாறு குடிச்சிப் பழக்கப்பட்டவரு. அவரு கண்ட காட்சியெல்லாம் டைகரும் காண வேண்டியதாப் போச்சி. கடைசியில துப்பாக்கிச் சண்ட வரும் வரும்னு பாத்தா, திரை பூரா பாம்பும் பூரானுமா நெளியுது. நம்மூர் அம்மன் கோயில்ல சாமி வந்து ஆடுனாக்கூட கால் மணியில மலையேறிடும். இது ஏறல. கதை எழுதுன ஷார்லியே செத்து ரொம்ப நாளாவுது, அவரு வீட்டாளுங்க பேரப் போடாதீங்கன்னு சொல்லிட்டாங்க. படம் வரைஞ்ச ஜான் ஜிரோ மட்டும் பெரிய மனசு பண்ணி ஒரு சின்ன வேஷத்துல வந்துட்டுப் போனாரு.

அப்ப எதையுமே மாத்தக் கூடாதான்னு மொறைக்கிற. அட லூசு, மாத்தாம எவன்டா கதை சொன்னான்? லக்கி லூக் வாயில சிகரெட்டு இருந்துது, 1983ல அவன வரைஞ்ச மோரிஸே அத எடுத்துட்டு ஒரு புல்லுக் குச்சிய சொருகுனாரு. குதிரையிலேர்ந்து எவனும் கீழ உழல. வேதாளரோட உடுப்பு ஸ்வீடன் பக்கம் நீலம், இத்தாலியில செவப்பு, அமெரிக்காவுல ஊதா. ஃபாக் மனசுல இருந்தது சாம்பல் நெறமாம். அச்சாபீஸ்காரன் மை மாத்துனா ஹீரோ தோலு மாறுது. ஸ்பைடர்மேன எடுத்துக்கோ. காமிக்ஸ்ல வலை பீச்சுற மிசினு அவனே செஞ்சிக்கினது. 2002ல சாம் ரெய்மி மணிக்கட்டுலேர்ந்தே வலை வர மாதிரி வெச்சாரு. எவ்ளோ பெரிய மாத்தம்! ஆனா பெரியப்பன் செத்தது தன்னாலதான்னு அந்தப் பையன் மனசுல அரிக்குதே, அதுல கைய வெக்கல. படம் ஓடுச்சி.

முடிச்சு எங்க இருக்குதுன்னு தெரியணும்டா. நம்ம கூத்து வாத்தியாருக்கு அது தெரியும். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா மத்தியானம் பிரசங்கம், ராத்திரி கூத்து. கட்டியக்காரன் ரேஷன் கார்டப் பத்திப் பேசுவான், செல்போன்ல பொண்டாட்டி திட்டறதப் பேசுவான், துரியோதனன் மூஞ்சிக்கு நேராவே அவன் பரம்பரையக் கிண்டல் பண்ணுவான். கர்ண மோட்சத்துல பொன்னுருவின்னு ஒருத்தி வந்து அழுவ வெப்பா. வியாசர் அவளக் கண்டதுகூட இல்ல. 1964ல பந்துலு கர்ணன் எடுத்தப்ப கர்ணன் பொண்டாட்டிக்கு சுபாங்கின்னு பேரு. நம்ம ஜனங்க ரெண்டையும் ஒத்துக்கினாங்க. ஆனா பதினெட்டாம் நாளு காலையில படுகளத்துல மண்ணால செஞ்சி படுக்க வெச்ச துரியோதனனுக்குத் தொடதான் பொளக்கணும், திரௌபதி அவிழ்ந்த கூந்தல முடிஞ்சே ஆவணும். எந்த வாத்தியாராச்சும் ‘இந்த வருசம் புதுமையா இருக்கட்டும், துரியோதனன் பொழச்சிக்கிறான்’னு ஆரம்பிச்சா, துரியோதனன் பொண்டாட்டி பெருந்திருவாள் கையில இருக்கற மொறமும் தொடப்பமும் யாரு மேல உழும்னு நான் சொல்லத் தேவையில்ல.

சிம்புதேவன் அந்தச் சங்கதி புரிஞ்ச ஆளு. விகடன்ல கார்ட்டூன் போட்டவராச்சே. 2010ல ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தாரு. டெக்ஸ் வில்லரையோ டைகரையோ நேராத் தூக்கிக்கினு வரல. வந்திருந்தா தாடி ஒரு இஞ்சு கூடிருச்சின்னு லயன் வாசகருங்களே சண்டைக்குப் போயிருப்பானுங்க. தொப்பி, குதிர, பொதையலு, ஒத்தையடிப் பாலம், செவ்விந்தியர்னு அந்தப் புத்தகங்களோட வாசனைய மட்டும் எடுத்துக்கினு, ஊருக்கு ஜெய்சங்கர்புரம்னு பேரு வெச்சாரு. 1972ல கர்ணன்னு ஒரு டைரக்டரு எடுத்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ படங்கள்ல ஜெய்சங்கர் குதிர ஓட்டுனது யாரு மனசுல இருந்துதோ அவனுக்கெல்லாம் அங்கயே சிரிப்பு வந்துருச்சி. இத்தாலிக்காரனுங்களுக்கு இந்த சூட்சுமம் வரல. அவங்க வீட்டுப் பிள்ள டெக்ஸு, 1948லேர்ந்து வந்துகினு இருக்கறான். 1985ல ஜூலியானோ ஜெம்மாவ வெச்சி எடுத்தாங்க. ஜெம்மா கௌபாய் படத்துல பேரு வாங்குனவரு. இருந்தும் எடுபடல.

சரி, உன் மாயாவிக்கு வருவம். எத மாத்தலாம்னு கேட்டா, எல்லாத்தையும் மாத்து. லண்டன வேணாம்னு ராணிப்பேட்டைக்குக் கொண்டாந்துடு, புரொபசர அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல வெய்யி. கரண்டு ஷாக்குக்கு டிரான்ஸ்பார்மர் இருக்குது. அவன் மொதல்ல திருடனா இருந்தான் பாரு, அத மட்டும் மறைச்சிடாத. கண்ணுக்குத் தெரியலன்னா நாம யோக்கியமா இருப்பமான்னு படிக்கிறவன் தன்னையே கேட்டுக்கினான், அதுதான் முடிச்சு. தயாரிப்பாளர் ‘ஹீரோ கெட்டவனா? பேமிலி ஆடியன்ஸ் வராது’ம்பான். அம்மாவுக்கு ஆபரேசன், அதுக்குத்தான் பேங்குக் கொள்ளைன்னு எழுதச் சொல்வான். எழுதுன, இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத.

மூஞ்சி தெரியாம எப்பிடி எடுக்கறதுன்னு தானே மண்டையக் கொடஞ்சிக்கிற? போன மாசி திருவிழாவுல கூத்து பாத்தியா, இல்ல செல்லுல மூஞ்சியப் பொதச்சிக்கினு இருந்தியா? துரியோதனன் வர்றப்ப ரெண்டு பேரு ஒரு துணியப் புடிச்சிக்கினு நிப்பாங்க. அவன் பின்னால ஆடுவான். நமக்குத் தெரியறது துணிக்குக் கீழ ரெண்டு காலும் சலங்கையும், மேல கிரீடத்தோட நுனியும். மத்தளக்காரன் ஏத்துவான், முகவீணை இழுக்கும், அவன் தன் பேரப் பாடுவான், துணி மட்டும் எறங்காது. தூங்குற குழந்தைய எழுப்பி மடியில உக்கார வெச்சிக்குவாங்க பொம்பளைங்க. அந்தக் காலு உதைக்கிற உதையிலயே வர்றது ராசான்னு தெரிஞ்சிடும். தருமன் காலு அப்பிடி உதைக்காது. மூஞ்சியக் காட்டாமயே இவ்ளோ நேரம் ஊரக் கட்டிப் போடறான்டா. சம்பளம் எவ்ளோன்னு கேட்டுப் பாரு, உங்க கேரவன் டீசல் செலவு வராது.

துரியோதனன் கட்டுற அந்தக் கட்ட வேஷக்காரனக் கூட்டிக்கினு போயி உன் கேமராவுக்கு முன்னால நிறுத்து. கைய மட்டும் ஆட்டச் சொல்லு. கோவத்துல ஒரு கை, திருடுறப்ப ஒரு கை, திருடிட்டு வெக்கப்படறப்ப ஒரு கை. பெரிய ஹீரோவ மொத அரை மணிக்கும் கடைசிப் பாட்டுக்கும் வெச்சிக்கோ, போஸ்டருக்கு அது போதும். கேட்டா ‘சார், நடுவுல நீங்கதான் இருக்கறீங்க, கண்ணுக்குத்தான் தெரியல’ன்னு சொல்லிடு.

ஆனா ஒண்ணு. கூத்துக்காரனுக்கு அட்வான்ஸ மொதல்லயே கையில குடுத்துடு. அந்தக் காசும் கண்ணுக்குத் தெரியாமப் பூடப்போவுது. இந்தா, மல்லாட்ட ஆறிப் போவுது, எடுத்துக்கோ. தோல கீழ போடாத, ஆயா கண்ணுக்கு எல்லாம் தெரியும்.