கார்ன்வாலிஸ் துரைக்குப் பதவி உயர்வு

பெரிய காரியமாகப் பார்த்துக் கோட்டைவிட்ட மேலதிகாரியைக் கம்பெனி என்ன செய்யும்? பெங்களூருவில் எந்த டீக்கடையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: இன்னும் பெரிய பதவியைக் கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பும். இந்த மரபின் மூலபுருஷர் சார்லஸ் கார்ன்வாலிஸ் பிரபு. அவரை அனுப்பியதும் கம்பெனிதான், கிழக்கிந்தியக் கம்பெனி.

1738-இல் பிரபு வீட்டில் பிறந்ததிலேயே அவருடைய உத்தியோகத்தில் பாதி முடிந்துவிட்டது. ஈட்டன் பள்ளியில் ஹாக்கி மட்டை பட்டு ஒரு கண் கோணிக்கொண்டது. அடித்த பையன் பின்னாளில் பிஷப் ஆனார், அடி வாங்கியவர் தளபதி ஆனார். ஆளை மாற்றி எடுத்திருந்தால் அமெரிக்காவில் கொஞ்சம் உருப்பட்டிருக்கும்.

அங்கே நடந்த விடுதலைப் போரில், 1777 ஜனவரியில் டிரென்டனில் எதிர்த்தரப்புத் தளபதி வாஷிங்டன் கைக்கெட்டும் தூரத்தில் சிக்கியிருந்தார். காலையில் பிடித்துக்கொள்ளலாம் என்று துரை படுத்துவிட்டார். எதிர் முகாமில் விடிய விடிய நெருப்பு எரிந்தது. நெருப்பு மட்டும்தான் இருந்தது, ஆட்கள் இல்லை. 1781-இல் யார்க்டவுனில் 7,000-க்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணடைய வேண்டி வந்தபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, வாளைக் கொடுக்க ஓஹாரா என்ற துணைத் தளபதியை அனுப்பினார். இவ்வளவுக்கும் தண்டனையாக 1786-இல் கிடைத்தது இந்தியா. கவர்னர் ஜெனரல், தலைமைத் தளபதி என்று இரண்டு நாற்காலி.

இங்கே அவருக்கு முன்னால் நின்றவர் திப்பு சுல்தான். 1790 முழுவதும் கோயம்புத்தூர்ப் பக்கம் திப்புவோடு மல்லுக்கட்டி ஒன்றும் நடக்காமல் போன ஜெனரல் மெடோஸை ஓரங்கட்டிவிட்டு, துரையே களத்தில் இறங்கினார். ஒன்று சொல்லவேண்டும், மனிதர் இதற்குள் பாடம் படித்திருந்தார். ஆம்பூர் வழியாக மலையேறப் போவதுபோல் பாவனை காட்டி, திப்பு அந்தக் கணவாய்களில் கண்வைத்திருக்கும்போது, சித்தூர்ப் பக்கம் திரும்பி முக்ளி கணவாய் வழியாக மேலே ஏறிவிட்டார். 1791 மார்ச் 5-இல் பெங்களூரு வாசலில் நின்றார்.

7-ஆம் தேதி பேட்டையின் மீது பாய்ந்தார்கள். இன்றைக்கு சிக்பேட்டையில் புடவைக்கும் பாத்திரத்துக்கும் முட்டி மோதுகிறோமே, அதே பேட்டைதான். அன்றைக்குச் சுற்றிலும் முள்வேலி, அகழி. கதவைப் பீரங்கியால் எவ்வளவு அடித்தும் ஒரு சின்ன ஓட்டைதான் விழுந்தது. ஆஜானுபாகுவான கிரெனடியர்கள் முழிக்க, ஏர் என்ற குள்ள லெப்டினன்டைத் தூக்கி அந்த ஓட்டைக்குள் திணித்தார்கள். உள்ளே போனார். பக்கத்தில் நின்ற மெடோஸ், பதவி போன வருத்தம் துளியும் இல்லாமல், மீசைக்காரர்களைப் பார்த்து, முடிந்தால் அந்தச் சின்ன மனிதரின் பின்னாலேயே போங்கள் என்று கிண்டல் செய்தாராம். கர்னல் மூர்ஹவுஸ் செத்ததும் அந்த வாசலில்தான்.

21-ஆம் தேதி இரவு நிலா வெளிச்சத்தில் கோட்டை விழுந்தது. கோட்டைத் தலைவரான கில்லேதார் பகதூர் கான் ஓடவுமில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லவுமில்லை, சண்டையிட்டே செத்தார். இந்தக் கதையில் கேலிக்கு இடம் கொடுக்காத ஆள் அவர் ஒருவர்தான்.

பெங்களூரு கிடைத்த தெம்பில் மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடந்தார் துரை. அரக்கெரேயில் ஜெயித்தும் விட்டார். ஆனால் மழை பிடித்துக்கொண்டது, தீவனம் இல்லை, மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன, அரிசி தீர்ந்தது. திப்புவால் முடியாததை மாடுகள் செய்தன. இழுக்க ஆளில்லாத பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுப் பெங்களூருவுக்குத் திரும்பினார். வழியில் குதிரைப் படை ஒன்று தெரிய, கதிகலங்கிப் போனார்கள். பார்த்தால் கூட்டாளிகளான மராட்டியர்கள்! சண்டைக்குத்தான் தாமதமே தவிர கடைக்குத் தாமதமில்லை. கூடவே வந்த பஜாரில் எல்லாம் இருந்தது. நண்பர்களுக்கென்று விலையை மட்டும் ஏற்றி வைத்திருந்தார்கள். பசித்தவன் பேரம் பேசுவானா?

1792 பிப்ரவரியில் மறுபடி போய் முடித்தார்கள். பாதி ராஜ்யம், 3 கோடியே 30 லட்சம் ரூபாய், அது வந்து சேரும்வரை பிணையாகத் திப்புவின் இரண்டு பிள்ளைகள். பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கணக்கில் சேர்ந்தது இப்படித்தான். தோற்ற அன்று வாளைக் கொடுக்க ஆள் அனுப்பியவர், ஜெயித்த அன்று சிறுவர்களை வரவேற்கத் தாமே நேரில் நின்றார். ஓவியர்கள் அதைப் போட்டி போட்டு வரைந்தார்கள். படத்தில் துரை, பேரன்களை ஊரிலிருந்து அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போன தாத்தா மாதிரி கனிந்திருப்பார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவர் சிலையின் பீடத்திலும் அதே காட்சிதான். யார்க்டவுனைச் செதுக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

மார்க்விஸ் பட்டம், வங்காளத்தில் ஜமீன்தார்களைக் குளிர்வித்த 1793 நிலவரி ஏற்பாடு, அயர்லாந்து என்று பதவிகள் தொடர்ந்தன. 1805-இல், 66 வயதில், கம்பெனி அவரையே மறுபடி இந்தியாவுக்கு அனுப்பியது. அக்டோபர் 5-இல் காசிப்பூரில் இறந்தார். இந்தத் தடவை உடம்பு நிஜமாகவே சரியில்லை.