கடலூர் – சிதம்பரம் வான்வழிப் பயணம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்ற வினாவை அறிஞர் உலகம் இதுவரை தொடவில்லை. இரண்டு ஊரிலும் விமான நிலையம் இல்லை என்று சாக்குச் சொல்வார்கள். இல்லாத பொருளை ஆராயக் கூடாதென்றால் பல்கலைக்கழகங்களில் பாதித் துறைகளைப் பூட்ட வேண்டிவரும்.

சாலை வழி சுமார் 45 கி.மீ.; நேர்கோட்டில் ஏறத்தாழ 40. புதுச்சேரிக்கு வந்துபோகும் ஏடிஆர் 72 ரக விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வகுத்தால் 4 நிமிடம் 48 விநாடி. ஆனால் ஆயிரம் அடி கீழிறங்க ஐந்தரை கி.மீ. வேண்டும் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. ஆகவே ஆலப்பாக்கம் வரை ஏறிய விமானம் புதுச்சத்திரத்திலேயே இறங்கத் தொடங்கியாக வேண்டும். சீட் பெல்ட் விளக்கு அணையாது, தேநீரும் வராது. பேருந்தில் வேர்க்கடலையாவது கிடைக்கும்.

"இவ்வளவு கிட்டத்துக்கா விமானம்?" என்போர் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளைப் பார்க்கவும். வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கி.மீ.தான். 1967 முதல் விமானம் ஓடுகிறது. ஒன்றரை நிமிடத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே நடுவில் கடல். நமக்கு நடுவில் வெள்ளாறு, அதன்மேல் பாலமும் கட்டிவிட்டார்கள். இது ஒரு பின்னடைவே.

இன்றைய நிலையில் பறந்தே தீருவேன் என்பவருக்கும் வழி உண்டு. கடலூரிலிருந்து வடக்கே புதுச்சேரி போய், பெங்களூருக்கு விமானம் ஏறி, அங்கிருந்து திருச்சிக்குப் பறந்து, மீன்சுருட்டி வழியாக 130 கி.மீ.க்குக் குறையாமல் பேருந்தில் வந்தால் சிதம்பரம். காலையில் கிளம்பினால் அர்த்தஜாம பூஜைக்குள் வந்துவிடலாம், அதுவும் விமானம் தாமதிக்காவிட்டால்.

முன்னோர் சான்றுகளும் குழப்புகின்றன. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறியது கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் என்கிறது பெரியபுராணம். அத்தகைய வாகனம் வாய்த்தவரும் பின்னாளில் தில்லைக்கு நடந்தே போனார். நந்தனாரோ பக்கத்திலிருந்த ஆதனூர்க்காரர். 'நாளைப் போவேன்' என்றே நாளைக் கடத்த வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்துக்குக் காரணம் தூரமில்லை என்பதை எந்தக் கணக்கீட்டுக் கருவியும் காட்டாது.

பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத்துக்கு உரியது சிதம்பரம். ஆகாயமே குடியிருக்கும் ஊருக்கு ஆகாய மார்க்கம் இல்லை. மாவட்டத்துக்கென்று இருப்பது நிலக்கரி ஊரான நெய்வேலியின் ஓடுதளம் ஒன்றுதான். 2017-இல் உடான் திட்டத்தின் முதல் சுற்றுப் பட்டியலில் அதன் பெயர் வந்தது. பெயர் வந்ததோடு சரி.

எனவே அதிகாரிகளுக்கு இவ்வாய்வின் பணிவான வேண்டுகோள்: நெய்வேலியில் முதலில் ஒரு பயணிகள் விமானத்தை இறக்கிக் காட்டுங்கள். அதுவரை சிதம்பரம் போகிறவர்கள் கடலூர் பேருந்து நிலையத்தில் சில்லறையோடு நிற்கவும்.