உண்ணிச்செடிக்கு மார்ச் தெரியாது

நீலகிரி அடிவாரக் காடுகளில் உண்ணிச்செடி என்ற களைப் புதருக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அது டெண்டருக்குக் காத்திருப்பதில்லை. ஆங்கிலேயர் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்து 200 ஆண்டுகள் தாண்டிவிட்டன. பட்டா இல்லாமலே காட்டில் குடியிருக்கிறது.

அதைக் காலி செய்ய வழி இருக்கிறது. மழையில் மண் இளகியிருக்கும்போது ஆணிவேரைத் தரைக்குக் கீழே வெட்டி, புதரைப் பெயர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். பழம் பழுப்பதற்குள் முடிக்க வேண்டும். பிந்தினால் பறவைகள் விதைப்பு வேலையைக் கூலி வாங்காமலே செய்துவிடும்.

மழை ஜூனில் வருகிறது. நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. மழைக்காலம் முழுக்க இந்த வேலைக்கான நிதிக் கோப்பு மேசை மேசையாக ஊறிக் கிடந்து, மண் இறுகிய பிறகு பணமாக இறங்குகிறது. செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடுமே! கடப்பாரை இறங்காத தரையில் வேரை யார் தேடுவது? முழங்கால் உயரத்தில் நாலு வெட்டு, பேனரோடு ஒரு படம், பயன்பாட்டுச் சான்றிதழ். அடுத்த மழைக்கு அடிக்கட்டை துளிர்க்கும். அடுத்த திட்டமும் கூடவே துளிர்க்கும்.

எந்தப் புல் எப்போது விதை கட்டும் என்று பார்த்தவுடன் சொல்லும் பழங்குடிகளான இருளருக்கும் குறும்பருக்கும் இதில் கிடைப்பது தினக்கூலி. அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்பவருக்கு ஆலோசனைக் கட்டணம்.

மழையை மார்ச்சுக்கு மாற்ற எந்த அரசாணையாலும் முடியாது. பணத்தை மே மாதத்தில் கொடுக்க ஒரு கையெழுத்து போதும்.