இளைஞர் அணித் தலைவருக்கு வயது 62

ஊருக்கு ஊர் ஒரு தொண்டு அமைப்பு இருக்கும்; அதற்கு ஓர் இளைஞர் அணி இருக்கும்; அந்த அணிக்கு இவர் தலைவராக இருப்பார். வயது 62. தலைமுடிக்கு மட்டும் 30.

"இனிமே எல்லாம் நீங்கதான்பா. நாங்க ஒதுங்கி நின்னு பார்க்கப்போறோம்" என்று மைக்கைப் பிடித்தாரானால் முக்கால் மணி நேரம் ஒதுங்கமாட்டார். அந்த 'நீங்கதான்பா'க்கள் மேடை ஓரத்தில் பொன்னாடைத் தட்டோடு நிற்பார்கள். ரத்த தான முகாமில், 18 நிரம்பி 45 கிலோ எடையும் இருக்கிறதே என்று ஒரு பையன் ஆசையாய்க் கொடுத்துவிட்டு எழுந்தால், கையில் பஞ்சு காய்வதற்குள், "தம்பி, அந்த மேஜையை ஒரு கை பிடி" என்பார். முதலுதவிப் பெட்டிச் சாவி இவர் இடுப்பில். பசங்களிடம் கொடுத்தால் பஞ்சைக் காலி பண்ணிவிடுவார்களாம்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். யாருக்கு எந்த வகை ரத்தம், கடைசியாக எப்போது கொடுத்தார், ஆண் என்றால் மூன்று மாதம், பெண் என்றால் நான்கு மாதம் கழித்து எந்தத் தேதியில் மறுபடி கூப்பிடலாம் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள். தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பிரமாதம்மா! கமிட்டியில வைப்போம். கையெழுத்து முத்து முத்தா இருக்கே, சர்ட்டிபிகேட்ல பேரெல்லாம் நீயே எழுதிடேன்."

1859இல் சோல்ஃபரினோ போரில் காயம்பட்டவர்களுக்கு ஊர்ப் பெண்களைத் திரட்டிக் கட்டுப்போட்ட ஹென்றி டியூனாண்டுக்கு அப்போது வயது 31. செஞ்சிலுவை பிறந்த அந்தக் கதையைச் சொல்லாமல் இவர் பேச்சை முடித்ததே இல்லை. டியூனாண்டே நேரில் வந்து நின்றாலும், "வாப்பா, பந்தல்காரன் கிளம்பிட்டானான்னு கேளு" என்பார்.

அந்தப் பெண் நோட்டோடு போய்விட்டாள். நடுராத்திரியில் ரத்தம் கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் போன் இப்போது அவளுக்குத்தான் போகிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குச் சேவை மனப்பான்மையே இல்லை" என்று இவர் அடுத்த கூட்டத்தில் வருந்தினார். உண்மையாகவே வருந்தினார். மனுஷன் கெட்டவர் இல்லை. மழை வெள்ளம் என்றால் சொந்தக் காசில் அரிசி மூட்டை இறக்குகிறவர்தான்.

ஆகவே, செயற்குழுப் பெரியோர்களே, வருகிற ஆண்டு இவரைக் கௌரவத் தலைவராக்கி, பெரிய பொன்னாடையாகப் பார்த்துப் போர்த்திவிடுங்கள். போர்த்துகிற சாக்கில் அந்தச் சாவியையும் வாங்கிவிடுங்கள்.