தரகாற்றுப்படை: கலைஞருக்கு முன்னால் நடப்பவர் குறித்த ஓர் ஆய்வு

காவிரிக் கரையில் நெல்லுக்குத் தரகர் உண்டு, மாட்டுக்கு உண்டு, கல்யாணத்துக்கும் உண்டு. கலைக்கும் ஒருவர் உண்டு என்பதை நம் ஆய்வுலகம் ஏனோ கண்டுகொள்ளவில்லை. கலைஞர் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அவர் புகழைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகக் காசு வாங்குபவர் என்று அவரை வரையறுத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இத்துறையின் மூலநூல்கள் ஆற்றுப்படைகள். பத்துப்பாட்டில் பாதி இந்த வகைதான். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், பசியோடு எதிரே வருகிற இன்னொரு கலைஞனுக்கு வள்ளலின் ஊர், போகும் வழி, கிடைக்கும் சாப்பாடு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான். முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையைப் பாருங்கள்: கரிகாலன் வீட்டில் கறி தின்று தின்று பல் ஏர்க்கொழு போல மழுங்கியது, நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய தேர் கிடைத்தது, அரசனே ஏழடி பின்னால் நடந்து வந்து வழியனுப்பியது, எல்லாம் வருகிறது. ஆனால் 248 அடிகளில் ஓரிடத்திலும் ‘எனக்கு என்ன தருவாய்?’ என்ற கேள்வி இல்லை. அந்த அடியைக் கரையான் தின்றிருக்கும் என்று வாதிடலாம்தான். உத்தமதானபுரத்து உ.வே.சா. 1889இல் வெளியிட்ட பதிப்பு அதற்கு இடம் தரவில்லை.

நட்டத்தைக் கணக்கிடுவோம். பட்டினப்பாலைக்குக் கரிகாலன் 16 லட்சம் பொன் கொடுத்ததாகக் கலிங்கத்துப்பரணி சொல்கிறது. நூற்றுக்குப் பத்து என்று பேசியிருந்தால் கமிஷன் மட்டும் 1,60,000 பொன். அதை யாரும் கேட்டு வாங்கியதாகச் சான்று இல்லை. பாணன் வாங்கிவிட்டுப் புகழ்ந்தான். தரகர் புகழ்ந்துவிட்டு வாங்குகிறார். இரண்டாயிரம் ஆண்டுகளில் இத்துறை கண்ட ஒரே முன்னேற்றம் இதுதான்.

இன்றைய கள ஆய்வுக்குத் திருவிழா நோட்டீஸ் போதும். ‘சினிமா புகழ்’, ‘டிவி புகழ்’, ‘வெளிநாட்டுப் புகழ்’ என்று புகழ் மூவகைப்படும். ஒரு படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தால் முதல்வகை. சிங்கப்பூரில் அத்தை வீட்டுக்குப் போய் வந்திருந்தால் மூன்றாம்வகை. அச்சாரம் வாங்கிய பிறகு இவற்றை யாரும் சரிபார்ப்பதில்லை. கரகம் தலையில் நின்றால் சரி.

தரகருக்குக் காப்பியத் தலைவன் கிடைத்தது ‘தில்லானா மோகனாம்பாள்’ கதையில். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதி, 1968இல் ஏ.பி. நாகராஜன் படமாக்கியது. சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாகஸ்வரத்தையும் திருவாரூர் மோகனாவின் சதிரையும் ஊரே பேசுகிறது. ஆனால் நாகேஷ் நடித்த சவடால் வைத்தி இல்லையென்றால் கதை நகராது. சிங்கபுரம் மைனர் ஒரு பக்கம், மதன்பூர் மகாராஜா ஒரு பக்கம். மோகனாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வைத்தி படும் பாடு கொஞ்சமல்ல. சிரித்துவிட்டு யோசித்தால் வயிற்றைப் புரட்டும். அவர் விலை பேசியது ஆட்டத்தை அல்ல, ஆளை. பல தொழில்முறைத் தரகர்கள் இந்த உதாரணத்தை விரும்ப மாட்டார்கள். நியாயம்தான்.

எதிர்ச்சான்று ஒன்று இருக்கிறது: திருவையாறு. சரபோஜி அழைத்தும் போகவில்லை என்று சொல்லப்படும் தியாகராஜர் 1847இல் மறைந்தார். அவர் கீர்த்தனைகளைப் பரப்பியது உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டைச் சீடர்கள். கமிஷன் பேச்சே இல்லை. இன்றும் ஆராதனையில் வித்வான்கள் சன்மானம் வாங்காமல்தான் பாடுகிறார்கள். பூஜ்யத்தில் பத்து சதவீதம் எவ்வளவு என்பதைத் தரகர் நன்றாகவே அறிவார். இருந்தும் பஞ்சரத்தினம் முடிந்து வித்வான்கள் பந்தலை விட்டு வெளியே வரும்போது, மார்கழிக்கு எந்தத் தேதி காலி என்று கேட்க அங்கே ஒருவர் டைரியோடு நிற்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.