நைட் ஷிப்டு வாத்தியாரம்மா

வா கண்ணு, உக்காரு. கிளாசுக்கு இன்னும் அரை மணி இருக்குதில்ல? அந்த வட்ட லைட்டை இப்பவே போடாதே, பூச்சி வருது. காதுல மாட்டற அந்த வளையத்தையும் கழட்டி வை. அதை மாட்டிக்கினு நீ உக்காந்திருக்கறதைப் பாத்தா, ஹெல்மெட் போட்டுக்கினு கேஜுக்குக் காத்து நிக்கற ஆளு மாதிரியே இருக்குது.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி நம்ம தங்கவயல் மைனை மூடினாங்க. அன்னியோட சங்கும் போச்சி, ஷிப்டும் போச்சின்னு இருந்தேன். இப்ப நம்ம வீட்ல மறுபடியும் நைட் ஷிப்டு. பனிக்காலத்துல ஸ்பெயின்ல சாயங்காலம் அஞ்சு மணின்னா நமக்கு ராத்திரி ஒன்பதரை. நான் பூமிக்குள்ள இறங்கி வேலை பாத்தேன். நீ கம்ப்யூட்டர் வழியா கடலைத் தாண்டிப் போய் இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கறே, அதுவும் செருப்புகூட போடாம.

கோவிச்சிக்காதே. உன் கம்பெனிக்காரன் அனுப்புன பாடத்தாளை நேத்து பாத்தேன். கண்ணாடி இல்லாமலே பாத்தேன், அவ்ளோ பெரிய படம். பண்டிகைன்னு போட்டு தேங்க்ஸ்கிவிங். சாப்பாடுன்னு போட்டு வான்கோழி. சொல்லிக்குடுக்கறவ ஆண்டர்சன்பேட்டைக்காரி. கத்துக்கறதுங்க ஸ்பானிஷ் பேசற பொடிசுங்க. நடுவுல அமெரிக்காக்காரன் வான்கோழிக்கு இன்னா வேலை? ரெண்டு பேரும் கொண்டாடாத பண்டிகையை வெச்சிக்கினு, ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத பாஷையில பேசறீங்க. இது பாடமா கண்ணாமூச்சியா?

பண்டிகையும் தீனியும் வெச்சி பாஷை சொல்லிக்குடுக்கறது புதுசா கண்டுபுடிச்ச வித்தை மாதிரி அந்தத் தாள்ல எழுதி வெச்சிருக்கறான். உன் கொள்ளு ஆயா இதை அடுப்படியிலயே முடிச்சிட்டா.

எங்கம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதிச்சவ இல்ல. பங்களாவுல ஒரு ஆங்கிலோ இந்தியன் அம்மா வீட்ல சமையலுக்கு ஒத்தாசையா இருந்தா. டிசம்பர் பொறந்துட்டா அங்க கலகலா சுடுவாங்க. மைதா, முட்டை, தேங்காப்பால், சர்க்கரை எல்லாம் பிசைஞ்சி, கோலிகுண்டு அளவுக்கு உருட்டி, முள்கரண்டி முதுகுல வெச்சி அழுத்தி இழுத்தா கோடு கோடா சங்கு மாதிரி சுருண்டுக்கும். கரண்டி பத்தலைன்னா புது சீப்பு. அந்த அம்மா பக்கத்துல நின்னுக்கினு "ரோல், பிரஸ், டர்ன், ஃப்ரை"ன்னு சொல்லிக்கினே இருக்கும். நாலே நாலு வார்த்தை. எங்கம்மாவுக்கு சாகற வரைக்கும் மறக்கலை. கடைசி காலத்துல படுக்கையில இருந்தப்போ நர்சம்மா வந்து "டர்ன்"னு சொன்னதும் உடம்பு திரும்பறதுக்கு முன்னாடி அவ கைவிரல் திரும்பிச்சி. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்.

அப்புறம் ரோஸ் குக்கீஸ். பயந்துடாதே, நம்ம அச்சு முறுக்குதான், கவுன் போட்டுக்கினு வந்திருக்குது. அச்சை எண்ணெயில நல்லா காய வெச்சி மாவுல முக்கணும். முழுசா முக்கிட்டா மாவு மேலாக்க மூடிக்கும், முறுக்கு கழண்டு வராது. "நாட் ஃபுல், த்ரீ குவார்ட்டர்!"னு அந்த அம்மா கத்தும். இஸ்கூல்ல வாத்தியார் பிரம்பை வெச்சிக்கினு சொல்லியும் என் மண்டையில ஏறாத முக்கால், அந்த எண்ணெய்ச் சட்டி ஓரத்துல ஒரே நாள்ல ஏறிடிச்சி. உடைஞ்சதெல்லாம் எனக்குத்தான். ஆகையால "புரோக்கன்"னும் ஏறிடிச்சி.

நாம வெறுமனே வாங்கிக்கினே இருந்தோம்னு நெனைக்காதே. அந்த வீட்ல ரசத்துக்குப் பேரு பெப்பர் வாட்டர். நம்ம மிளகுத்தண்ணியை எடுத்துக்கினு போய் முல்லிகட்டானின்னு பேரு மாத்தி சீமையில சூப்பா விக்கறான். கட்டுமரம் கேட்டமரான் ஆச்சி, சுருட்டு செரூட் ஆச்சி. இன்னொண்ணும் எடுத்தான். பறை அடிச்ச நம்மாளுங்க பேரை எடுத்து, ஒதுக்கி வெச்ச மனுசன்னு அர்த்தம் போட்டு அகராதியில ஏத்திட்டான். மத்தது எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன், அதை மட்டும் இல்ல. நம்மாளுங்களும் சும்மா இருக்கலை. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல மெட்ராஸ்ல ஆரம்பிச்சாரே ஒரு பைசாத் தமிழன், அவரு காலத்துக்கு அப்புறம் அந்தத் தமிழன் பத்திரிகை நம்ம தங்கவயல்லருந்துதான் வந்துக்கினு இருந்தது. ஷிப்டு முடிச்சி வந்து ஒருத்தன் படிக்க, லைன் வீட்டுத் திண்ணையில பத்து பேரு கேப்பாங்களாம். என் நைனா சொல்லுவாரு.

மைனு இங்கிலீஷ் வேற ஜாதி. 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்ததுலருந்து இங்க இங்கிலீஷ் மேலருந்து கீழ இறங்கிச்சி, கேஜ்ல நம்மளோடவே. துரைன்னா எல்லாரும் லண்டன் ரேடியோ மாதிரி பேசினாங்கன்னு நெனைச்சிக்காதே. கார்ன்வால் ஊரு சுரங்கக்காரங்க வந்தாங்க, இத்தாலிக்காரங்ககூட இருந்தாங்க. இத்தாலிக்காரன் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒண்ணுதான், அவனுக்கு சம்பளம் மட்டும் ஜாஸ்தி. எழுத்து ஒண்ணு தெரியாத ஆளுங்க ஷாஃப்டு, லெவலு, டிம்பரு, டிரில்லு, வின்ச்சுன்னு தெளிவா சொல்லுவாங்க. தப்பா சொன்னா மார்க்கு போவாது, ஆளே போயிடுவான். சாம்பியன் ரீஃப் மைனு மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம். அந்த அடியில "ஸ்டாப்"புன்னா என்ன அர்த்தம்னு யாரும் ரெண்டு தடவை கேட்டதில்லை. கரண்ட்டுன்ற வார்த்தையையே நாம பெங்களூர்க்காரனுக்கு முன்னாடி பேசினவங்க. சிவசமுத்திரத்துலருந்து 1902ல நமக்குக் கரண்ட்டு வந்துடிச்சி, அவனுக்கு 1905லதான். இதை உன் பெங்களூர் சிநேகிதிங்ககிட்ட ஒரு தடவையாவது சொன்னியா? சொல்லமாட்டே. கேஜிஎப்புன்னதும் அவளுங்க யஷ் படத்தைப் பத்திதானே பேசுவாளுங்க. அந்தப் படம் வந்ததுலருந்து பைக்ல வர்ற பசங்க என்னை நிறுத்தி ராக்கி பாய் வீடு எங்கன்னு கேக்கறானுங்க. "ஸ்ட்ரெய்ட், லெஃப்ட், தென் ஸ்ட்ரெய்ட்"னு சொல்லி சயனைடு டம்ப்பு மண்மேட்டுக்கு அனுப்பிடுவேன். பொய் இல்லையே, அங்கதான் ஷூட்டிங் எடுத்தாங்க. வழி சொல்றதும் ஒரு பாடம்னு உன் தாள்ல இருக்குதில்ல?

இப்ப உன் பிள்ளைங்க விஷயத்துக்கு வர்றேன்.

அந்தப் பையன் "எஸ்கூல்"னு சொன்னப்போ நீ திருத்துனே பாரு, எனக்குச் சிரிப்பு தாங்கலை. ஏன்டி, ஸ்டேஷன் போற வழியில யாரை வேணா கேளு, இஸ்கூலு, இஸ்டேஷனு, இஸ்பூனுதான். அவங்க நாக்கும் நம்ம நாக்கும் ஒரே மாதிரி. "ஸ்"ல நேரா காலை வெச்சி இறங்கறதுக்குப் பயம், முன்னாடி ஒரு படிக்கட்டு வேணும். அவங்க "எ" போடறாங்க, நாம "இ" போடறோம். மரிகுப்பத்துல ரயில் ஏறி தினம் பெங்களூர் போய் சம்பாதிச்ச இத்தனை பேரும் இஸ்டேஷன்லருந்துதான் ஏறினாங்க, ஸ்டேஷன்லருந்து இல்ல. வண்டி ஒரு நாளும் ஏத்த மாட்டேன்னு சொன்னதில்லை. மெல்லமா திருத்து.

நீதானே சொன்னே, பத்து வயசுப் பிள்ளை "ஐ ஹேவ் டென் இயர்ஸ்"னு சொல்லுதுன்னு. அவங்க பாஷையில வயசைக் கையில வெச்சிருக்கறாங்க, நாம "எனக்குப் பத்து வயசு"ன்னு எதுக்க நிறுத்தி வெச்சிருக்கறோம். தப்புன்னு சிவப்புக் கோடு போடறதுக்கு முன்னாடி, "எங்க தாத்தா 76 வெச்சிருக்கறாரு, கொஞ்சம் வாங்கிக்கறியா"ன்னு கேட்டுப் பாரு. அந்தப் பிள்ளை சிரிக்கும். சிரிச்ச இடத்துல சொல்லிக்குடு. ஸ்பெயின்ல சளி பிடிச்சவன் "கான்ஸ்டிபேட்டட்"னு சொன்னா வெளக்கெண்ணெய் ஊத்தச் சொல்லாதே. அவங்க ஊர்ல அந்த மாதிரி ஒரு வார்த்தைக்கு சளின்னுதான் அர்த்தம். மூக்கு அடைச்சிருக்குதா வேற எங்கயாவது அடைச்சிருக்குதான்னு கேட்டுக்கோ.

சொந்தம் வேணுமா? வீட்டைச் சுத்திப் பாரு. நீ கம்ப்யூட்டரை வெச்சிருக்கற மேசை அவங்க ஊர்லயும் "மேஸா"தான். நம்ம அலமாரி அவங்க "அர்மாரியோ". சர்ச்சுல பாதிரி, அவங்ககிட்ட "பாத்ரே". போர்த்துக்கீசியன் கப்பல்ல வந்து நமக்குக் குடுத்துட்டுப் போனது. அவன் பாஷையும் ஸ்பானிஷும் நம்ம தமிழும் மலையாளமும் மாதிரி. இதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்குது. என்னை ஊரெல்லாம் மேஸ்திரின்னு கூப்பிடறாங்களே, அதுவும் அந்தக் கப்பல்ல வந்ததுதான். அவங்க ஊர்ல அதே வார்த்தை "மாயெஸ்த்ரோ", பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பேரு. பொம்பளை வாத்தியார்னா "மாயெஸ்த்ரா". நீ பி.ஏ. படிச்சி, பி.எட். படிச்சி, கண்ணு கெட்டு வாங்குன பட்டத்தை உன் தாத்தன் மண்வெட்டியோட வாங்கிட்டான் பாரு.

தீனியா? அவங்க சுர்ரோன்னு ஒண்ணு தின்றாங்களாம். நட்சத்திர ஓட்டை வழியா மாவைப் பிழிஞ்சி எண்ணெயில பொரிக்கறது. நம்ம முறுக்குக் குழாயை எடுத்து கேமராவுக்கு எதுக்க காட்டு, அரை மணி நேரத்துக்குப் பேச்சு நிக்காது. "ஸ்குவீஸ்"னு சொல்லி நீ பிழியணும். வெறும் படத்தைக் காட்டுனா பாஷை படமாவே நிக்கும், வாய்க்கு வராது. களியைக் காட்டு. இந்த ஊர்ல ஒரே உருண்டைக்கு நாம களின்றோம், கன்னடத்துக்காரங்க முத்தேன்றாங்க, தெலுங்குக்காரங்க சங்கட்டின்றாங்க. மூணு பேரு இருந்தும் வயிறு ஒரு நாளும் குழம்பலை. நாலாவதா இங்கிலீஷ்ல "ராகி பால்"னு ஒண்ணு வந்தா சேத்துக்கும்.

பண்டிகைக்குப் பஞ்சமா? சனிக்கிழமை வர்றாளே மெக்சிகோ பொண்ணு, அவகிட்ட நவம்பர் 2ஆம் தேதியைப் பத்திக் கேளு. அவங்க ஊர்ல செத்தவங்களுக்குப் பூவால வாசலே கட்டுவாங்களாம், அவங்களுக்குப் பிடிச்சதைச் சமைச்சி வெப்பாங்களாம். அன்னிக்குத்தான் நம்ம கல்லறைத் திருநாள். மைன்ல போனவங்க, வியாதியில போனவங்க, எல்லார் தலைமாட்டிலயும் மெழுகுவத்தி எரியும், மாலை கிடக்கும். அவங்க வெக்கற பூவும் நம்ம செண்டுப்பூதான். அந்தச் செடியே அவங்க ஊர்லருந்து வந்ததாம், நம்ம கோலார் காட்டுல வளருது. "ஹூ டூ யூ மிஸ்?"னு ஒரே கேள்வி கேளு. அந்தப் பொண்ணு அவ ஆயாவைப் பத்தி உடைஞ்ச இங்கிலீஷ்ல ஒரு மணி நேரம் பேசும். பேசும்போது நடுவுல புகுந்து "வாஸ்" இல்ல "வேர்"னு திருத்தித் தொலைக்காதே.

ஸ்பெயின் பிள்ளைங்களுக்கு ஜனவரி 6, மூணு ராஜாக்கள் திருநாள். ராஜாங்க ராத்திரி வந்து பரிசு வெச்சிட்டுப் போவாங்க, குறும்பு பண்ண பிள்ளைக்குக் கரி. அந்தக் கரியையும் சர்க்கரையில செஞ்சி விக்கறாங்களாமே! நாம இத்தனை வருஷம் தோண்டியும் அப்படி ஒண்ணு கிடைக்கலை. "குட்", "பேட்", "பெட்டர்" மூணையும் அந்தக் கரியை வெச்சே முடிச்சிடலாம். மெக்சிகோ பொண்ணுக்கு பின்யாத்தா. நம்ம உறியடிதான், பானைக்குப் பதிலா பொம்மை. "அப், டவுன், லெஃப்ட், ரைட்" கண்ணைக் கட்டி விட்டுச் சொல்லிக்குடு, அடி விழுற சத்தத்துல ஒட்டிக்கும்.

என் ஃபீசா? வேற ஒண்ணும் வேணாம். எம்.ஜி. மார்க்கெட் போறப்போ கால் கிலோ தலைக்கறி வாங்கிட்டு வா, உங்கம்மாவுக்குத் தெரியாம.

மணியாச்சி, எழுந்திரு. நான் பின்னாடி கட்டில்லயே உக்காந்திருப்பேன், இரும மாட்டேன். போன வாரம் அந்தப் பல்லு விழுந்த பையன் என்னைக் காமிச்சி இன்னாவோ கேட்டுச் சிரிச்சானே, நீ மறைச்சிட்டே. எனக்குப் புரிஞ்சிது, "நோ டீத்"துன்னான். அவங்க ஊர்ல விழுந்த பல்லைத் தலகாணிக்கு அடியில வெச்சா பெரெஸ்னு ஒரு எலி வந்து எடுத்துக்கினு காசு வெக்குமாம். நாம சாணியில வெச்சி கூரை மேல எறிஞ்சோம், கூரை ஒரு பைசா குடுக்கலை. எனக்கு மிச்சம் இருந்ததைப் பிடுங்கறதுக்கு நான்தான் டாக்டருக்குக் காசு குடுத்தேன். ஒரு பல்லுக்கு எலி எவ்ளோ குடுத்துதுன்னு அவனைக் கேளு. "ஹவ் மச்?" அவன் சொன்னதும் ரூபாயில எவ்ளோன்னு என்கிட்ட சொல்லு.

சரி, லைட்டைப் போடு. அந்த அச்சு முறுக்குத் தட்டை இங்க வெச்சிட்டுப் போ, டீயும் குடு. ஊற வெச்சித்தான் தின்னணும்.