லோஹேகாவ்–மீனம்பாக்கம்: தூரமும் நேரமும் குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

புனேயின் லோஹேகாவ் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே தூரம் ஏறக்குறைய 910 கிலோமீட்டர். இதில் அறிஞர்களுக்குள் பிணக்கில்லை. பூமி உருண்டை, அதன் ஆரம் 6,371 கி.மீ. என்று ஒப்புக்கொண்டவர் எவர் கணக்குப் போட்டாலும் இதே விடைதான். கோட்டின் நடுப்பகுதி மந்திராலயத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. ஆகவே புனேத் தமிழர் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் பாதி வழியில் ராகவேந்திரரைச் சேவிக்கிறார். நடு இருக்கைக்காரருக்கு அது தெரிவதில்லை.

நேரம்தான் வில்லங்கம். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போனால் 70 நிமிடத்துக்குள் முடிய வேண்டிய காரியத்துக்கு டிக்கெட்டில் ஒன்றே முக்கால் மணி நேரம் போட்டிருக்கிறது. மிச்சம் எங்கே போனது? சக்கரத்துக்கு அடியிலுள்ள கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும் வரை எண்ணுவது விமானத் துறையின் வழக்கம். லோஹேகாவ் ஓடுபாதை விமானப்படையுடையது. சுகோய் கிளம்பினால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். சென்னையில் மேல்காற்று அடித்தால், மேற்கிலிருந்து வந்த விமானம் ஊரைத் தாண்டி வங்கக் கடலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கும். இவற்றுக்கு மேல் கம்பெனிக்காரர்களும் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள்: எப்போதும் தாமதமாக வரும் மாமாவிடம் முகூர்த்தத்தை ஒரு மணி நேரம் முந்திச் சொல்லி வைப்பதுபோல. பிறகு பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம் என்று பெருமையாக அறிவிப்பும் செய்வார்கள்.

முந்தைய ஆய்வுகள் யாவும் இதோடு நின்றுவிட்டன. ஹிஞ்சவடியை அவை கணக்கிலேயே சேர்க்கவில்லை. மென்பொருள் கம்பெனிகள் நிறைந்த அந்தப் பகுதி ஊரின் மேற்கே. விமான நிலையம் வடகிழக்கே. இடைவெளி சுமார் 25 கி.மீ. வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதுவும் மழை பிடித்துக்கொண்டால், இரண்டு மணி நேரம். பேஷ்வா பாஜிராவின் குதிரைகள் இதைவிட வேகமாகப் போயிருக்கும். எனவே இக்கட்டுரை முன்வைக்கும் தேற்றம்: பயண நேரம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும்.

தூரத்துக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதிடுவோரிடமும் ஒரு சான்று உண்டு. ஓடுபாதை வேலைக்காக 2021 அக்டோபர் 16 முதல் 29 வரை லோஹேகாவ் மூடப்பட்டது. அந்தப் பதினான்கு நாளும் தூரம் 910 கி.மீ.யாகவே இருந்தது, நேரம் முடிவிலி.

நம் தேற்றத்துக்கு அடங்காதவர் ஒருவரே, மராத்தி பக்திக் கவி துக்காராம் மகராஜ். ஹிஞ்சவடிக்கு வடக்கேயுள்ள தேஹுவிலிருந்து அவர் உடலோடு வைகுண்டம் போனதாக ஐதீகம். புனேயின் பிரபாத் கம்பெனி 1936இல் எடுத்த 'சந்த் துக்காராம்' படத்தில் அந்த விமானம் கிளம்புவதைப் பார்க்கலாம். தேஹுவிலேயே ஏறிக்கொண்டார், லோஹேகாவுக்கு டாக்சி பிடிக்கவில்லை. அந்த நிலையத்துக்கு அவர் பெயரையே வைக்க வேண்டும் என்று மகாராஷ்டிர அரசு 2024இல் முடிவெடுத்ததை இந்த இடத்தில் பதிவு செய்கிறோம். வைகுண்டம் கிளம்பும்போது துக்காராம் மனைவியையும் கூப்பிட்டாராம்; பிள்ளைகளை யார் பார்ப்பது என்று அந்த அம்மாள் வர மறுத்துவிட்டார். இன்றைய விதிப்படி அது 'நோ ஷோ'. டிக்கெட் பணம் திரும்பாது.